கையொப்பமிடாத கலைஞர் கார்ல் பார்க்ஸ்

விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப்போல் பேச வைத்து, அவற்றின் வாயிலாக மனிதருக்கே அறிவு புகட்டுவது மிகப் பழைய கலையாகும். நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றன. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா என்னும் அறிஞர் அவற்றை அரபு மொழியில் ‘கலீலா வ திம்னா’ என்னும் பெயரால் வழங்கினார். சிங்கமும் எருதும் இரு நரிகளும் அரசியல் பேசிய அந்நூலை அரபுலகம் உரைநடையின் முன்மாதிரியாகப் போற்றியது. பின்னாளில் அதன் படிகளில் ஓவியர்கள் வண்ணப் படங்களையும் தீட்டிச் சேர்த்தனர். சொல்லும் சித்திரமும் கைகோத்து விலங்குகளின் வழியே மனிதரைக் காட்டும் மரபு இவ்வாறு நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது.

அம்மரபு 20ஆம் நூற்றாண்டில் எடுத்த புது வடிவமே காமிக்ஸ் எனப்படும் படக்கதையாகும். அறிஞர் அவையில் அதற்கு இடமில்லை. பத்து சென்ட் காசுக்கு விற்கப்பட்டு, படித்த பின் பழைய தாளாகத் தூக்கியெறியப்பட்ட இதழ்கள் அவை. அத்தகைய இதழ்களில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஒரு வாத்துக் குடும்பத்தின் கதையைத் தாமே எழுதித் தாமே வரைந்து, ஒரு பக்கத்தில்கூடத் தம் பெயரைக் காணாமல் உழைத்தவர் அமெரிக்க ஓவியர் கார்ல் பார்க்ஸ் ஆவார். அவர் பெயரை முதலாளியர் உலகுக்குச் சொல்லவில்லை. வாசகர்களே தேடிக் கண்டுபிடித்தனர். அவ்வரலாற்றை இளைஞர்கள் அறிவது பயனுடையது.

பிறப்பும் இளமையும்

கார்ல் பார்க்ஸ் 1901ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெர்ரில் என்னும் சிற்றூருக்கு அருகில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வில்லியம் பார்க்ஸ், தாயார் அர்மிண்டா. கிளைட் என்னும் தமையனார் ஒருவர் உண்டு. கோதுமை வயல்களுக்கு நடுவே அமைந்த தனி வீடு அது. விளையாட்டுத் தோழர்கள் எவரும் அருகில் இல்லை. பள்ளிக்கூடம் இரண்டு மைல் தொலைவில் இருந்தது. அங்கே பயின்ற பிள்ளைகளும் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவரே. தனிமையே அவருக்கு முதல் தோழமையாக வாய்த்தது. அத்தனிமையில் கரித்துண்டும் பென்சிலும் கிடைத்த இடங்களிலெல்லாம் வரைந்து பழகினார்.

குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து வாழவில்லை. புதிதாகத் தொடர்வண்டிப் பாதை வந்த மிட்லண்ட் என்னும் ஊரில் தந்தையார் கால்நடை வாணிகம் செய்தார். அங்கே மாடு மேய்ப்போருடனும் மாட்டு வணிகருடனும் பழகிய சிறுவன், துன்பத்தைச் சிரித்துக் கடக்கும் அவர்களுடைய இயல்பை உற்று நோக்கினான். பின்னர்க் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் பழத்தோட்டம் வைத்து இழப்பு நேர்ந்தது. கவலையால் தந்தையாரின் உடல்நலம் குலைந்தது. குடும்பம் மீண்டும் மெர்ரிலுக்கே திரும்பியது. 1916ஆம் ஆண்டு தாயார் மறைந்தார். அதே காலத்தில் பார்க்ஸின் செவித்திறனும் குறையலாயிற்று. ஆசிரியர் சொல்வது காதில் விழாத நிலையில், தொலைவிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வது கைகூடவில்லை. எட்டாம் வகுப்போடு கல்வி முடிந்தது.

ஆனால் கற்கும் வேட்கை முடியவில்லை. அஞ்சல்வழி ஓவியப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். வயல்வேலையின் நெருக்கடியில் அதையும் நான்கு பாடங்களுக்கு மேல் தொடர இயலவில்லை. அவர் பெற்ற முறையான ஓவியக் கல்வி அவ்வளவே.

பல தொழில் கண்ட கை

1918ஆம் ஆண்டின் இறுதியில் ஓவியராகும் கனவோடு சான்பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்றார். நாளிதழ் அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கினார். எவரும் அவர் படங்களை ஏற்கவில்லை. ஊர் திரும்பிய பின் உழவு, மரம் வெட்டுதல், கோவேறு கழுதை ஓட்டுதல், மாடு மேய்த்தல், அச்சக வேலை எனக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். 1921ஆம் ஆண்டு மணம் புரிந்து இரு பெண்மக்களுக்குத் தந்தையானார். கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகரில் தொடர்வண்டிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஆணிகளை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொடுப்பது அங்கே அவருடைய வேலை. பகலெல்லாம் உலைக்களம், இரவெல்லாம் ஓவியப் பலகை. இவ்வாறு வரைந்த நகைச்சுவைப் படங்களை இதழ்களுக்கு அனுப்பிச் சிறு தொகைகள் பெறலானார்.

இக்காலத்து அலைச்சல் வீண்போகவில்லை. பிற்காலத்தில் அவர் கதைகளில் வந்த டொனால்ட் என்னும் வாத்து, கதைக்குக் கதை வேறு வேறு தொழிலில் சேர்ந்து, மிகுந்த ஆர்வத்தோடு தொடங்கி, ஏதோ ஒரு பிழையால் யாவற்றையும் இழந்து நிற்கும். மறு மாதம் புதிய வேலையோடு மீண்டும் தலைநிமிரும். அப்பறவையின் உடலுக்குள் இருப்பவர் ரோஸ்வில் பட்டறையில் வியர்த்து நின்ற தொழிலாளியே என்று கூறின் மிகையாகாது.

1931ஆம் ஆண்டு மின்னியாபொலிஸ் நகரத்து நகைச்சுவை இதழ் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய அக்காலத்தில் பேனாவால் மட்டுமே பிழைக்கும் வாய்ப்பு அவருக்கு அப்போதுதான் முதன்முறையாகக் கிட்டியது. முதல் மணவாழ்வு அதற்கு முன்னரே முறிந்திருந்தது.

டிஸ்னி கூடத்தில்

1935ஆம் ஆண்டு நவம்பரில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படக்கூடத்தில் வாரம் 20 டாலர் ஊதியத்தில் பார்க்ஸ் சேர்ந்தார். ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் தலைமை ஓவியர் வரைவார். இடைப்பட்ட நிலைகளையெல்லாம் நிரப்பி வரைவது கடைநிலை ஓவியரின் வேலை. சலிப்பு மிக்க அவ்வேலை பார்க்ஸுக்குப் பொருந்தவில்லை. கதைக்கான நகைச்சுவை நிகழ்ச்சிகளை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். 1937இல் வெளிவந்த படம் ஒன்றில், முடிதிருத்தும் எந்திர நாற்காலி டொனால்ட் வாத்தைத் தலைகீழாகக் கவ்விக்கொண்டு, தலைக்குச் செய்யவேண்டியதை வாலுக்குச் செய்கின்ற காட்சி உண்டு. அக்கற்பனை பார்க்ஸுடையது. அது அவரைக் கதைப்பிரிவுக்கு உயர்த்தியது. ஜாக் ஹன்னா என்பாரோடு இணைந்து டொனால்ட் வாத்தின் குறும்படங்கள் பலவற்றுக்குக் கதை அமைத்தார்.

1942ஆம் ஆண்டு, கைவிடப்பட்ட ஒரு திரைக்கதையை 64 பக்கப் படக்கதையாக வரையும் பணி ஹன்னாவுக்கும் பார்க்ஸுக்கும் வந்தது. கடற்கொள்ளையர் புதையலைத் தேடிச் செல்லும் அக்கதையே பார்க்ஸ் வரைந்த முதல் வாத்துப் படக்கதையாகும். பலர் கூடிச் செய்யும் திரைப்படத் தொழிலைவிட, ஒருவர் தனித்து அமர்ந்து எழுதி வரையும் தொழில் தமக்கு இயைந்தது என்பதை அவர் அப்போது உணர்ந்தார். போர்க்கால வேலைச் சூழல் அவருக்குப் பிடிக்கவில்லை. படக்கூடத்தின் குளிரூட்டிய காற்றும் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வேலையை விட்டு விலகினார். கலிபோர்னியாவின் சான் ஹசின்டோ பகுதியில் கோழிப்பண்ணை வைத்துப் பிழைப்பது அவருடைய எண்ணம்.

பத்துப் பக்க உலகம்

டிஸ்னி பாத்திரங்களைப் படக்கதைகளாக வெளியிடும் உரிமையை வெஸ்டர்ன் என்னும் பதிப்பகம் பெற்றிருந்தது. அங்கிருந்து பத்துப் பக்கக் கதை ஒன்று பார்க்ஸிடம் வந்தது. வரைந்து கொடுத்தால் போதும் என்றனர். கதையில் குறை கண்ட பார்க்ஸ் அதைத் திருத்தியே வரைந்து அனுப்பினார். அவர் திறமையை உணர்ந்த பதிப்பகத்தார் கதைகளையும் இனி அவரே எழுதட்டும் என்று விட்டுவிட்டனர். 1943ஆம் ஆண்டு ஏப்ரல் இதழில் அக்கதை வெளியாயிற்று. கோழிப்பண்ணைக் கனவு அத்தோடு அகன்றது. 1966இல் ஓய்வு பெறும்வரை 500க்கு மேற்பட்ட கதைகள், 6,000க்கு மேற்பட்ட பக்கங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன.

திரையில் டொனால்ட் வெறும் கோபக்கார வாத்து. அதன் பேச்சும் எளிதில் விளங்காது. பார்க்ஸ் அதற்குத் தெளிவான பேச்சைக் கொடுத்தார். வீட்டு வாடகைக் கவலையைக் கொடுத்தார். மூன்று மருமக்களை வளர்க்கும் பொறுப்பை உணர்த்தினார். அது குடியிருக்க டக்பர்க் என்னும் நகரத்தை 1944இல் படைத்தார். எப்போதும் நற்பேறு வாய்க்கின்ற உறவினன் கிளாட்ஸ்டோன் 1948இலும், கொள்ளைக்கார நாய்க்கூட்டம் 1951இலும், பித்தேறிய அறிவியலறிஞர் கைரோ 1952இலும் அந்நகருக்கு வந்து சேர்ந்தனர்.

அவருடைய படைப்புகளுள் தலையாயது ஸ்க்ரூஜ் மக்டக் என்னும் கருமி வாத்தாகும். டிக்கன்ஸ் நாவலின் கருமியை நினைவூட்டும் பெயரோடு 1947ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே ஒரு கதைக்காக அது தோன்றியது. படைத்தவரே எதிர்பாராத வகையில் அது நிலைத்துவிட்டது. 1952இல் அதன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கிற்று. பெருங்கட்டடம் நிறையக் காசைக் குவித்து, அதில் நீந்திக் குளித்து மகிழும் அக்கிழவாத்து, வெறும் பேராசையின் உருவம் அன்று. ஒவ்வொரு நாணயமும் எந்தப் பனிமலையில், எந்தப் பாலைவெளியில், எவ்வளவு உழைப்பால் வந்தது என்பதை அது மறப்பதில்லை. முதன்முதலில் உழைத்துப் பெற்ற பத்து சென்ட் நாணயத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் காத்து வருகிறது. பணம் அதற்கு நினைவு. ஆயினும் அந்நினைவைப் பகிர்ந்துகொள்ள ஆளின்றித் தனித்திருக்கும் அதன் துயரையும் பார்க்ஸ் மறைக்கவில்லை.

வாத்துகள் சொன்ன மெய்கள்

1951இல் வந்த ஒரு கதையில் சூறாவளி கிழவாத்தின் பணத்தையெல்லாம் வாரி நாடெங்கும் பொழிந்துவிடுகிறது. எல்லாரும் கோடீசுவரர் ஆகிவிடுகின்றனர்; ஆகவே எவரும் வேலைக்குப் போவதில்லை. கடைகள் மூடிக் கிடக்கின்றன. கிழவாத்து மட்டும் கலங்காமல் தன் நிலத்தை உழுது பயிர் செய்கிறது. பசி வந்தபோது நகரத்தார் பணமூட்டைகளோடு அதன் வாயிலுக்கே வருகின்றனர். முட்டைக்கும் காய்கறிக்கும் கேட்ட விலை கொடுக்கின்றனர். பறந்து போன பணம் அனைத்தும் திரும்பி வந்து சேர்கிறது. பணவீக்கத்தையும் உழைப்பின் மதிப்பையும் ஒரு பொருளியல் பேராசிரியர் பல வகுப்புகளில் விளக்குவதைப் பத்துப் பக்கங்களில் ஒரு சிறுவனுக்கு விளங்கவைத்த கதை இது. கருமிக்கே வெற்றி கிட்டுவது நியாயமா என்னும் வினாவும் படிப்பவர் நெஞ்சில் எழாமற் போகாது.

1954இல் வந்த மற்றொரு கதை இதன் மறுபக்கம். பணத்தொல்லையால் மனம் கலங்கிய ஸ்க்ரூஜ், பணமே இல்லாத இமயப் பள்ளத்தாக்கு ஒன்றைத் தேடிச் செல்கிறது. அதன் மருந்துப் புட்டியின் மூடி ஒன்று அங்குள்ளவர் கையில் அகப்படுகிறது. அரிய பொருள் என்று அவர்கள் அதை மதிக்கத் தொடங்கியதுமே பொறாமையும் பதுக்கலும் அம்மண்ணில் முளைத்துவிடுகின்றன. அருமையைக் குறைக்க விமானங்களிலிருந்து மூடிகளைக் கொட்டுகின்றனர். அவை வயல்களை மூடிப் பயிரையே அழிக்கத் தலைப்படுகின்றன. ஆசையின் வேர் நாணயத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்வது அரிது.

எட்டாம் வகுப்போடு நின்றவர் உலகின் மலைகளையும் கோயில்களையும் கப்பல்களையும் எங்ஙனம் பிழையின்றி வரைந்தார் என்று வியப்போர் உண்டு. நேஷனல் ஜியாகிரபிக் இதழின் பழைய தொகுதிகளே அவருடைய பல்கலைக்கழகம். பின்னணியைப் புகைப்படம்போல் நுணுக்கமாக வரைந்து, அதன் நடுவே உருண்டை வாத்துகளை நடமாட விடுவார். இடம் மெய்யாக இருப்பதால் வாத்துகளும் மெய்யாகிவிடும். அலகின் வளைவு, புருவத்தின் சாய்வு, தோளின் தொய்வு ஆகிய சில கோடுகளாலேயே பெருமிதம், ஏக்கம், வெட்கம், ஏமாற்றம் ஆகிய மெய்ப்பாடுகளை வேறுபடுத்திக் காட்டினார். தாம் வரைவன வாத்துகள் அல்ல, வாத்து வடிவில் உள்ள மனிதர்கள் என்பதே அவர் கொண்ட கொள்கை.

அவர் கற்பனை மெய்யோடு ஒத்துப்போன நிகழ்ச்சியும் உண்டு. 1949இல் அவர் எழுதிய கதையில், மூழ்கிய படகினுள் மேசைப்பந்துகளை நிரப்பி டொனால்டும் மருமக்களும் அதை மிதக்க வைத்தனர். 1964ஆம் ஆண்டு குவைத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகளோடு ‘அல் குவைத்’ என்னும் கப்பல் மூழ்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் குரோயர் என்னும் பொறியியல் வல்லுநர் அதனுள் இலேசான நெகிழி உருண்டைகளைச் செலுத்தி மேலே கொணர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிறுவர் இதழில் வேடிக்கையாக வந்தது கடலில் மெய்யாயிற்று.

பெயர் மறைந்த பெருவாழ்வு

இத்தனை கதைகளிலும் அச்சிடப்பட்ட பெயர் ஒன்றே. அது வால்ட் டிஸ்னியின் பெயர். நிறுவனத்தின் வழக்கம் அதுவாக இருந்தது. வாத்துக் கதைகள் வந்த மாத இதழ் 1950களின் தொடக்கத்தில் ஒரு மாதத்திற்கு 30 இலட்சம் படிகளைக் கடந்து விற்றது. டிஸ்னியே தம் கையால் எழுதி வரைகிறார் என்று பிள்ளைகள் நம்பினர். வாசகர் பாராட்டு எதுவும் பார்க்ஸின் பார்வைக்கு வரவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி வந்தது. அயல்மொழிகளில் பெயர்க்கப்பட்டாலும், மறுபதிப்பு வந்தாலும், அவருக்கு மேற்கொண்டு ஒரு காசும் இல்லை.

இல்லறத்திலும் அமைதி இல்லை. 1938இல் அமைந்த இரண்டாம் மணவாழ்வு பெருந்துன்பத்தில் கழிந்து 1951இல் முறிந்தது. ஐம்பது வயதில் உடைகள், இரு போர்வைகள், ஓவியப் பலகை, நேஷனல் ஜியாகிரபிக் தொகுதிகள் ஆகியவற்றோடு மட்டும் வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார். உலகம் சிரித்து மகிழ்ந்த கதைகள் பல அத்துயர ஆண்டுகளில் எழுதப்பட்டவை. 1954இல் காரே என்னும் ஓவியப் பெண்மணி அவருக்கு வாழ்க்கைத் துணையானார். உரைகளை எழுதியும் கருமை தீட்டியும் கணவரின் பணியில் அவர் துணைநின்றார். 1993இல் அவர் மறையும்வரை அவ்வில்லறம் இனிது நடந்தது.

பெயர் அறியாவிட்டாலும் கூர்ந்து நோக்கும் சிறுவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டனர். எல்லா வாத்துக் கதைகளும் ஒரே கையால் ஆனவை அல்ல; சிலவற்றில் மட்டும் கோட்டில் உயிர் இருக்கிறது; கதையில் ஆழம் இருக்கிறது. அவரை அவர்கள் நல்ல வாத்து ஓவியர் என்று தமக்குள் அழைத்துக்கொண்டனர். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பெயர் தெரியாத சங்கப் புலவர்களை அவர்தம் பாட்டில் வந்த அரிய தொடராலேயே செம்புலப்பெயல்நீரார் என்றும் அணிலாடுமுன்றிலார் என்றும் நம் முன்னோர் பெயரிட்டுக் காத்தனர் அன்றோ? பெயரைக் காலம் மறைத்தாலும் படைப்பைக் கொண்டு படைத்தவரை அடையாளம் காண்பது சுவைஞர் தம் கடமை. குறுந்தொகையைத் தொகுத்தோர் செய்த அதையே அமெரிக்கச் சிறுவர்களும் தம்மை அறியாமல் செய்தனர்.

அச்சிறுவர்கள் வளர்ந்தனர், பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டனர். 1960ஆம் ஆண்டு ஸ்பைசர் சகோதரர்கள் எழுதிய கடிதம் பார்க்ஸின் கைக்கு வந்து சேர்ந்தது. வயது 59. நண்பர் எவரோ தம்மைக் கேலி செய்வதாகவே அவர் முதலில் ஐயுற்றார். முன்பின் அறியாத இளைஞர்கள் தம் கதைகளை ஆண்டுவாரியாக அடுக்கி, கோட்டை வைத்தே தம்மை அடையாளம் கண்டிருக்கின்றனர் என்பதை நம்ப அவருக்குச் சிறிது காலம் பிடித்தது. நம்பிய பின் அவர்களுக்கு நிதானமாகவும் பணிவாகவும் மறுமொழி எழுதினார். அன்பர்கள் அவர் கதைகளின் பட்டியல்களை ஆக்கினர். நேர்காணல்களைத் தம் சிற்றிதழ்களில் வெளியிட்டனர். படக்கதை ஆராய்ச்சி என்னும் துறைக்கு அமெரிக்காவில் வித்திட்ட பணிகளுள் இதுவும் ஒன்று.

புகழும் குறையும்

ஓய்வுக்குப் பின், 1971இல், வாத்துகளை எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டிக்கொள்ள டிஸ்னி நிறுவனம் அவருக்கு அனுமதி அளித்தது. தாமே வளர்த்த பாத்திரங்களை வரையப் பிறர் அனுமதியை எதிர்நோக்கும் நிலை! 1976இல் அவ்வனுமதி திரும்பப் பெறப்பட்டது. 1980களில் மீண்டும் கிட்டியது. அதே காலத்தில் அவருடைய படைப்புகள் அனைத்தும் 30 தொகுதிகளாக வெளியாயின. விண்மீன் ஆய்வாளர் சிறுகோள் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1987இல் தொடங்கிய ‘டக் டேல்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் அவர் படைத்த உலகின் மேல் எழுந்தது. 1990களில் தூர்தர்ஷனில் இந்தி மொழியில் அதைக் கண்டு களித்த இந்தியப் பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராக இருக்கின்றனர். மூலக் கதைகளைத் தந்தவர் யார் என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

குறையைக் கூறாத வரலாறு முழுமையான வரலாறு ஆகாது. ஆப்பிரிக்கரையும் அயல்நாட்டுப் பழங்குடியினரையும் வரைகையில் பார்க்ஸ் தம் காலத்து அமெரிக்கரின் ஒருதலைப் பார்வையிலிருந்து விடுபடவில்லை. 1949இல் வந்த ஒரு கதையில் கறுப்பின மக்களை அவர் வரைந்த விதத்தைப் பின்னர் வந்த பதிப்பாளர்கள் திருத்த வேண்டியதாயிற்று. 1971இல் சிலி நாட்டில் அறிஞர்களான ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டிஸ்னி படக்கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினர். ஏழை நாடுகளின் செல்வத்தை வாத்துகள் அள்ளிச் செல்வதில் மறைந்துள்ள ஆதிக்கக் கருத்தை அவர்கள் கடுமையாகச் சாடினர். 1973இல் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்நூல் தீக்கிரையாயிற்று. அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆனால் ஸ்க்ரூஜின் பேராசையைப் பார்க்ஸே பலமுறை எள்ளி நகையாடியுள்ளார் என்பதும் உண்மை. தோட்டாக்களுக்கும் தீக்கும் உரியவை அல்ல வாத்துக் கதைகள்; மறுப்போரும் ஏற்போரும் அவற்றைப் படித்தே வாதிட வேண்டும்.

1994ஆம் ஆண்டு, 93ஆம் வயதில், பார்க்ஸ் முதன்முறையாக அயல்நாடு சென்றார். உலகின் மூலைமுடுக்குகளையெல்லாம் வரைந்தவர் அதுவரை தம் நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை! ஐரோப்பாவின் 11 நாடுகளில் அவருக்கு வரவேற்பு நடந்தது. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பின்லாந்திலும் ஜெர்மனியிலும் தலைமுறை தலைமுறையாக வாத்துக் கதைகளைப் படித்து வளர்ந்தோர் அவரைக் காணத் திரண்டனர். ஜெர்மனியில் 1977 முதலே வாத்துலகின் வரலாறு, நிலவியல், சட்டம் ஆகியவற்றை ஆராயும் அன்பர் சங்கம் ஒன்று நடந்து வருகிறது. பிறந்த ஒரிகன் மாநிலத்திலேயே, கிராண்ட்ஸ் பாஸ் என்னும் ஊரில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், 99ஆம் வயதில், குருதிப் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

விதைத்ததும் விளைந்ததும்

விலங்குருவில் மனிதரைக் காட்டும் சித்திரக் கலை பார்க்ஸோடு நின்றுவிடவில்லை. விலங்குப் படக்கதைகள் பிள்ளை விளையாட்டு எனத் தள்ளப்பட்ட காலத்தில், அவற்றைக் கலையாக மதித்த இளைஞர்கள் தமக்குள் வட்டம் அமைத்தனர். பார்க்ஸ் ஒரு காலத்தில் பேனா பிடித்த அதே மின்னியாபொலிஸ் நகரில், 1976இல், ‘வூட்டி’ என்னும் சிற்றேட்டை அவர்கள் தொடங்கினர். ஒவ்வொருவரும் தாம் வரைந்த பக்கங்களைப் படியெடுத்து அனுப்ப, ஒருவர் அவற்றைத் தொகுத்து அனைவர்க்கும் அஞ்சலில் சேர்ப்பார். 1984இல் ‘ரௌர்பிராசில்’ என்னும் ஏடு அப்பணியைத் தொடர்ந்தது. 1989இல் கலிபோர்னியாவில் இவ்வன்பர்க்கென்றே தனி மாநாடு கூடியது. பின்னர்க் கணினி வந்தது, இணையம் வந்தது. தாளும் மையும் இருந்த இடத்தில் மின்பலகையும் மின்தூரிகையும் அமர்ந்தன. நரி முகமும் ஓநாய் முகமும் பூனை முகமும் கொண்ட மாந்தரை உலகின் பல நாட்டு இளைஞர் இன்று கணினித் திரையில் வரைகின்றனர்.

அவ்வட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வரைந்தவர் தம் பெயரை ஓவியத்தின் ஓரத்தில் பொறிப்பர்; பிறர் அதை எடுத்தாளும்போது வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்துவர். பெயரைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் பரப்புவோரை அவர்கள் கடிந்துகொள்கின்றனர். பார்க்ஸுக்கு 59 வயதுவரை கிடைக்காத உரிமை அது. எனினும் நொடிப்பொழுதில் ஆயிரம் படிகள் பெருகும் இக்காலத்தில் அவ்வுரிமை எளிதில் பறிபோகின்றது. படத்தைக் கண்டு களித்துப் பெயரைக் கேளாமல் கடந்து செல்லும் நாமும் அதற்கு உடந்தையாகிறோம்.

மாணவச் செல்வங்களே! பார்க்ஸின் வாழ்வு இரு திறத்தார்க்கும் பாடம் சொல்கிறது. உழைப்போர்க்கு அது சொல்வது: காண்பார் இல்லை என்று கைவேலையில் குறை வைக்காதீர், யாரும் அறியப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு கோட்டையும் திருத்தி வரைந்த அந்நேர்மையே அவரை அடையாளம் காட்டியது. சுவைப்போர்க்கு அது சொல்வது: ஒரு பாட்டையோ படத்தையோ கதையையோ கண்டு மகிழ்ந்தால் இதை ஆக்கியவர் யார் என்று கேளுங்கள். அக்கேள்வியைச் சில சிறுவர்கள் கேட்டிராவிடில், செவி மங்கிய ஒரு முதியவர் தம்மை உலகம் அறியும் என்பதை அறியாமலே மறைந்திருப்பார். வாத்துகள் எஞ்சியிருக்கும், அவற்றுக்குள் இருந்த மனிதரை நாம் இழந்திருப்போம்.